மித்ராவை இங்கே கொண்டுவந்து விடாதே

சேகர்,

போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து பேசுவாய், நானும் பதிலுக்குக் குரலை உயர்த்துவேன், கடைசியில் "சரிம்மா, பெறகு பேசலாம்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்துக்குக் குறுக்கே யாரும் பேச முடியாது. உனக்கென்று தொடங்கியதுதான் இது. ஆனால் உன்னைப் போல வெளிநாட்டில் பிள்ளையை வளர்த்துக்கொண்டு தூக்கம் கெட்டுக் கிடக்கிற வேறு யாராவது வாசித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. மானம் போகிற விஷயம் எதுவும் இதில் கிடையாது. போனாலும் இந்த வயதில் என்ன வந்தது?

நீ கேட்டதைத் திரும்பச் சொல்கிறேன், நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பார். கோடை லீவுக்கு என்று சொல்லி மித்ராவைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்து வருவாய். லீவு முடிந்ததும் நீயும் கலாவும் லீட்ஸுக்குத் திரும்பிவிடுவீர்கள். மித்ரா மட்டும் இங்கே என்னோடு இருந்து பள்ளிக்கூடம் போவாள். இரண்டு வருஷம் போதும், பிள்ளை நம் பிள்ளையாக ஆகிவிடும் என்கிறாய். இதை அவளிடம் முன்னால் சொல்லக் கூடாது, சொன்னால் விமானம் ஏற மாட்டாள் என்றும் சொன்னாய். பதின்மூன்று வயதுப் பெண்ணைத் திருவிழாவுக்குக் கூட்டிப் போகிற மாதிரி கூட்டி வந்து விட்டுவிட்டுப் போகலாம் என்கிறாய். கலாவும் சம்மதித்துவிட்டாள் என்றாய். அவள் குரலை மட்டும் நான் கேட்கவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. உன் அப்பா போனதிலிருந்து சாலைக் கடைத்தெருவின் பின்தெருவில் இந்த வீட்டில் நானும் டிவியும்தான். நீ போனை வைத்த மறுநாளே குடையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய் ஸீட் இருக்கிறதா என்று விசாரித்தேன். மாடி அறையைப் பெருக்கித் துடைத்துக் கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தினேன். கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினபோதுதான், இந்த மாதிரி ஒரு கட்டிலை எனக்கும் ஒருத்தி தயார் செய்து வைத்திருந்தாளே என்று உறைத்தது. அதற்குமேல் எழுந்து வேலை செய்ய முடியவில்லை. என்னைச் சின்ன வயதில் திருநெல்வேலிப் பக்கம் படிக்க வைத்தார்கள் என்று உனக்குத் தெரியும். எப்படி வைத்தார்கள் என்று உனக்குத் தெரியாது. நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

என் தாத்தா சேரன்மாதேவிக்குப் பக்கத்து ஊரிலிருந்து வந்து இந்தச் சாலைக் கடைத்தெருவில் வத்தல் மல்லி மொத்தக் கடை போட்டவர். அந்தக் கடையில்தான் என் அப்பா பிறந்து வளர்ந்தார் என்று சொல்ல வேண்டும். நான் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். வேறு பள்ளிக்கூடம் பக்கத்தில் கிடையாது. பள்ளிக்கூடத்தில் என்னைப் 'பாண்டி' என்று கூப்பிடுவார்கள், பிறகு எல்லாரும் சேர்ந்து விளையாடுவோம். சாயங்காலம் நேரே கடைக்குப் போவேன். மல்லி மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து, தமிழும் மலையாளமும் கலந்து வாய் ஓயாமல் அளப்பேன். டீச்சர் புடவை, தோழியின் சண்டை, கோட்டைக்குள் பார்த்த யானை, எல்லாம். அப்பா தராசில் கண் வைத்தபடியே "உம், பெறகு?" என்பார். "இவளுக்கு வாயிலதான் சீவன்" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அவருக்கு அது பெருமையாக இருந்தது, எனக்கும்தான்.

திருநெல்வேலியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில், யாரோ ஒரு பெரியவர் என் கையில் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்து, "எல்லாருக்கும் கேக்க வாசி பிள்ள" என்றார். எனக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. முழித்தேன். "என்னட்டி, அ ஆ கூடவா தெரியாது?" என்று ஒரு சிரிப்பு. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மூலையிலிருந்து ஒரு அம்மாள் சொன்னாள்: "மலையாளத்துல வளத்தா இப்டித்தான். நாளைக்கு நம்ம பக்கத்துல இவள யாரு எடுப்பா?" என் அப்பாவின் முகம் செத்துப்போய்விட்டது.

அடுத்து வந்த பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலுக்குப் போகலாம் என்று என்னை மட்டும் அழைத்துக்கொண்டு கிளம்பினார். நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். எந்த ஊரில் பிழைத்தாலும், அன்றைக்கு அவரவர் குடும்பத்துச் சாஸ்தாவைத் தேடிப் போய்ப் பொங்கல் வைக்க வேண்டும். "பொங்கல் போட்டுட்டு ரெண்டு நாள்ல வந்திரலாம்" என்று அம்மாவிடமும் என் முன்னால் சொன்னார். கோவிலுக்குப் போனோம், பொங்கல் வைத்தோம், பக்கத்து ஊரில் அத்தை வீட்டில் தங்கினோம். அத்தை அப்பாவின் தங்கை, இங்கே பிறந்து அங்கே வாழ்க்கைப்பட்டவள். மறுநாள் காலையில் நான் கிணற்றடியில் குளித்துவிட்டு வந்தபோது அப்பாவின் பை திண்டில் இல்லை. "அப்பா ஊருக்குப் போயாச்சு மக்கா. நீ இங்கதான் படிக்கப் போற" என்று அத்தை என் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள். அவள் கெட்டவள் இல்லை. எனக்காக ஒரு கட்டில் போட்டு, புதுத் தலையணை உறை தைத்து வைத்திருந்தாள். அதாவது பல நாளாகவே அவளுக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். தெரியாதவள் நான் ஒருத்திதான்.

தமிழ் வந்தது. வராமல் என்ன? என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வைத்தார்கள், வாசித்தேன், எழுதினேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயர் 'மலையாளத்தா'. தலையில் தேங்காயெண்ணெய் நாற்றம் என்று பக்கத்தில் உட்கார மாட்டாள் ஒருத்தி. இங்கே பாண்டி, அங்கே மலையாளத்தா என்று புலம்புவதற்காக இதைச் சொல்லவில்லை. எந்த ஊரிலும் பிள்ளைகள் அப்படித்தான், ஏதாவது ஒரு பெயர் வைப்பார்கள். என் யோசனையெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: அடுத்த பங்குனி உத்திரத்துக்கு அப்பா வருவார், என்னைக் கூட்டிப் போய்விடுவார். அவரே அத்தைக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார். அவரிடம் சொல்ல ஒரு வருஷத்துக் கதை சேர்த்து வைத்திருந்தேன். பையைக் கட்டி வைத்துவிட்டுத்தான் அன்றைக்கு அவரோடு கோவிலுக்குப் போனேன்.

அந்த வருஷம் கோவிலில் கும்பாபிஷேகத்துக்கு வரி பிரித்தார்கள். தலைக்கட்டு வரி, குடும்பத்துக்கு இவ்வளவு என்று. அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் முன்னால் நின்றார். திருவனந்தபுரத்தில் இருந்தாலும் என் சாமிக்கு நான் செய்கிறேன் பார் என்கிற நிமிர்வு. வரி வாங்க உட்கார்ந்திருந்த பெரியவர், "நீங்க எந்த வகையறா?" என்று கேட்டார். அப்பா தாத்தா பெயரையும் பாட்டன் பெயரையும் சொன்னார். பெரியவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் இவரைப் பார்த்தார். "அவுக ஆளுகளுக்கு இந்தச் சாஸ்தா இல்லயேய்யா. கால்வாய்க்கு அந்தாண்ட மேட்டுல இருக்காருல்லா, அவருதான் ஒங்க சாஸ்தா. எங்க தலைக்கட்டுல நீங்க கெடையாதே" என்றார். தாத்தா சின்ன வயதில் ஊரைவிட்டு வந்தவர். கால்வாய், பனைமரம், சாஸ்தா என்று அடையாளம் சொல்லியிருக்கிறார். கால்வாய்க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது அவருக்கே நினைவில்லை போலிருக்கிறது. பொங்கல் வைக்க வருகிறவர்களை யாரும் விசாரிப்பதில்லை. அத்தைக்கும் தெரிய வழியில்லை, கல்யாணம் ஆனால் பெண்ணுக்குப் புருஷன் வீட்டுச் சாஸ்தாதானே. ஆக, என் அப்பா வாழ்நாளெல்லாம் வருஷம் தவறாமல் பஸ் ஏறிப் போய் அடுத்தவர் சாமியைக் கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்!

இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கும் எல்லாரும் சிரித்தார்கள். "பரவால்ல அண்ணாச்சி, இத்தன வருசம் ஒங்க பொங்கலயும் எங்க சாமி சாப்ட்டுக்கிட்டாருல்லா" என்று ஒருத்தி சொன்னாள். குத்தலாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னாள். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கலாம். அவர் சிரிக்கவில்லை. பானையைத் தூக்கிக்கொண்டு கால்வாயைத் தாண்டிப் போய் அந்த இன்னொரு சாஸ்தாவுக்கும் பொங்கல் வைத்தார். வேர்த்து ஒழுகியது. திரும்பி வருகிற வழியில், என் முகத்தைப் பார்க்காமல், "நமக்கு வேரு ரொம்ப அந்துபோச்சு பிள்ள. நீ இன்னும் ஒரு வருசம் இருந்துக்கோ" என்றார். நான் "சரிப்பா" என்றேன். சேர்த்து வைத்த கதை எதையும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை, அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிட்டார்.

மறுவருஷம் வந்து என்னைக் கூட்டிப் போனார். வீட்டுக்கு யார் வந்தாலும் "எம் மக வாசிக்கத கேளுங்க" என்று தமிழ்ப் பேப்பரை என் கையில் கொடுப்பார். தடங்கல் இல்லாமல் வாசிப்பேன். அதோடு எழுந்து உள்ளே போய்விடுவேன். கடைக்குப் போவதை விட்டுவிட்டேன். அவர் கடையிலிருந்து வந்து, "என்னம்மா, ஸ்கூல்ல என்ன விசேசம்?" என்பார். "ஒண்ணுமில்லப்பா" என்பேன். வேண்டுமென்று செய்யவில்லை, சேகர். கோபமும் இல்லை. சொல்வதற்கு உள்ளே ஒன்றும் வரவில்லை, அவ்வளவுதான். கேட்டதற்குப் பதில் சொல்லும் அடக்கமான பெண் என்று எல்லாரும் மெச்சினார்கள். அப்பாவுக்கு என் தமிழ் கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஒருநாள், "அன்னைக்கி ஒன்ன விட்டுட்டு வந்தது..." என்று ஆரம்பித்தார். "அதெல்லாம் நல்லதுக்குத்தானேப்பா" என்று சொல்லிப் போர்வையைச் சரி செய்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் முடிக்கும்வரை நான் பொறுத்திருக்கலாம்.

இனி உன் கதைக்கு வருகிறேன், கோபித்துக்கொள்ளாதே. கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் நான் உன்னிடம் தமிழில் சத்தமாக ஏதோ சொன்னேன். உன் கூடப் படிக்கிற பையன்கள் நாலு பேர் பக்கத்தில் நின்றார்கள். நீ பல்லைக் கடித்துக்கொண்டு "அம்மே, பதுக்கே!" என்றாய். மெதுவாகப் பேசவாம்! உன் அப்பா இதைக் கேட்டுக் குதித்தார். ஊருக்கு அனுப்பினால்தான் இவன் உருப்படுவான் என்றார். அவர் இருந்திருந்தால் இன்றைக்கும் உனக்கு ஒத்து ஊதியிருப்பார். நான் விடவில்லை. காரணம் அவரிடமும் சொல்லவில்லை, விடமாட்டேன் என்று மட்டும் சொன்னேன். தபாலாபீஸ் கவுண்டரில் நாள் முழுக்க மலையாளம் பேசிவிட்டு வந்து, உன்னிடம் நான் தமிழில் பேசுவேன், நீ மலையாளத்தில் பதில் சொல்வாய். அப்படியே உன் காலேஜ் வரைக்கும் ஓடியது. யாரும் யாரையும் திருத்தவில்லை. கிழக்கேகோட்டையில் தமிழ் பேச வெட்கப்பட்ட பிள்ளை இன்று லீட்ஸில் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு பொங்கல் விழா நடத்துகிறான்! எங்கே போய்ச் சொல்ல! உன்னைக் கேலி செய்யவில்லை. சரி, கொஞ்சம் கேலிதான். ஆனால் உனக்குத் தமிழ் எப்போது வேண்டியிருந்ததோ அப்போது நீயே எடுத்துக்கொண்டாய், அது கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்ததால்.

அந்தப் பொங்கல் விழாவில்தானே எல்லாம் ஆரம்பித்தது? மேடையில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, "ஒங்க சொந்த ஊர் எதும்மா?" என்று மைக்கை நீட்டினார்கள். மற்றப் பிள்ளைகள் மதுரை, தஞ்சாவூர் என்று சொல்லிக்கொடுத்ததைச் சொன்னார்கள். மித்ரா "லீட்ஸ்" என்றாள். கூட்டம் சிரித்தது. விழா நடத்துகிறவன் மகளே இப்படியா என்று உன் முதுகுக்குப் பின்னால் யாரோ சொன்னது உன் காதில் விழுந்தது. இதை என்னிடம் சொல்லும்போது உன் குரல் நடுங்கியது. அவள் பிறந்த ஊரைத்தானே சொன்னாள், வேறென்ன சொல்ல வேண்டும்? திருநெல்வேலி என்றா? நீயே அங்கே மொத்தமாக ஒரு மாதம் இருந்திருப்பாயா? நம் சாஸ்தா யார் என்பதிலேயே ஒரு தலைமுறை ஏமாந்த குடும்பம் நாம். என் அப்பா என்னை அங்கே விட்டது என் தமிழுக்காக என்றுதான் வெகுகாலம் நினைத்தேன். அவர் முகம் செத்துப்போன இரண்டு தடவைக்கும் மருந்தாகத்தான் என்னை அங்கே வைத்தார் என்று பிறகு புரிந்தது. நீயும் மித்ராவை அனுப்புவது மித்ராவுக்காக இல்லை. உன் தலைகுனிவுக்கு அவள் ஏன் கப்பம் கட்ட வேண்டும்?

போன தடவை நீங்கள் வந்திருந்தபோது பொன்முடிக்குப் போகிற வழியில் கல்லாற்றில் இறங்கினோம், ஞாபகம் இருக்கிறதா? நீ காரில் உட்கார்ந்து ஆபீஸ் போன் பேசினாய். நானும் மித்ராவும் தண்ணீரில் காலைப் போட்டுக்கொண்டு பாறைமேல் உட்கார்ந்திருந்தோம். கடையில் வாங்கின பழம்பொரியைத் தின்றுகொண்டே பேசினாள், பேசினாள், அப்படிப் பேசினாள். பாதி இங்கிலீஷ், பாதி அவளுடைய தமிழ். "ஆச்சி, ஸ்கூல்ல எல்லாரும் கேக்குது, நீ நெஜமா எங்கேருந்து வந்தேன்னு. தமிழ் கிளாஸ்ல கேக்குது, ஏன் ஒனக்குத் தமிழ் வரலேன்னு. எல்லாரும் எனக்கு டெஸ்ட் வைக்குது. அப்பாகூட." நான் ஒன்றையும் திருத்தவில்லை. இன்னொரு பழம்பொரி வேண்டுமா என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளாகவே என்னைக் கூப்பிட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். உனக்கு அது தெரியுமா?

தமிழ் போனால் போகட்டும் என்று நான் சொல்வதாக நினைத்துக்கொள்ளாதே. எனக்கு வலிக்கிறது. மித்ராவின் பிள்ளைகள் அனேகமாகத் தமிழ் பேச மாட்டார்கள். அவர்களோடு நான் பேச நேர்ந்தால் என்ன மொழியில் பேசுவேன்? போன இடத்துத் தண்ணீர் உடம்பில் ஊறத்தான் செய்யும். நம் வீட்டில் தாத்தா காலத்திலேயே நல்லெண்ணெய் போய்த் தேங்காயெண்ணெய் வந்தாயிற்று. நீ செய்யக்கூடியது ஒன்றுதான். வீட்டில் நீ தமிழில் பேசிக்கொண்டே இரு. அவள் எதில் பதில் சொன்னாலும் கேள். "அதையே தமிழ்ல சொல்லு" என்று நடுவில் நிறுத்தாதே. நிறுத்தி நிறுத்தித்தான் பிள்ளைகளின் வாய் அடைத்துப்போகிறது. அவள் தப்பும் தவறுமாகப் பேசட்டும், யார் தலை போகிறது?

இப்போது உனக்குக் கோபம் வரப்போகிற விஷயம். போன ஞாயிற்றுக்கிழமை அவள் கூப்பிட்டபோது நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். லீவுக்கு இல்லை, விட்டுவிட்டுப் போகத்தான் கூட்டி வருகிறார் என்று. தகப்பனுக்கும் மகளுக்கும் நடுவில் புகுந்த கிழவி என்று நீ என்னைத் திட்டலாம். கட்டிலைத் தயார் செய்துவிட்டுச் சும்மா இருந்தவள் என்று அவள் பிற்பாடு நினைப்பதைவிட அது மேல். முதலில் அவள் நம்பவில்லை. பிறகு கத்தினாள். இங்கிலீஷில் உன்னை என்னென்னவோ சொன்னாள், சிலது எனக்குப் புரிந்தது, எழுத மாட்டேன். போனை வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி கூப்பிட்டு, "ஆச்சிக்கு நான் வேணாமா?" என்று கேட்டாள். "வேணும் மக்கா. நீயா வரும்போது வேணும்" என்றேன். இரண்டு பேரும் அழுதோம். உனக்கு எழுதப்போகிறேன், அவளுக்குத் தெரிந்துவிட்டதையும் எழுதுவேன் என்று அவளிடம் சொன்னேன். "சரி, அப்பாவே வந்து சொல்லுதான்னு பாக்குறேன்" என்றாள்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருகிற வரைக்கும் அவள் உன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள், கதவைப் படாரென்று சாத்தியிருப்பாள், என்ன பெண் இவள் என்று நீ கலாவிடம் சலித்துக்கொண்டிருப்பாய். படித்து முடித்ததும் அவள் அறைக்குப் போ. உனக்குத் தெரிந்த எந்த மொழியிலாவது உண்மையைச் சொல். அவள் கத்துவாள், கத்தட்டும். அவள் முடிக்கிற வரைக்கும் வாசலிலேயே நில். உன்மேல் அவளுக்கு இன்னும் கோபம் இருக்கிறது, சேகர். எனக்கு என் அப்பாமேல் ஒருநாளும் கோபம் வந்ததில்லை.

அம்மா